படத்தில் உடுத்த அதே கலர்

நடந்ததை ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

1. இந்தியாவிலிருந்து ஒரு படம் வீடியோக் கசெற்றில் வந்தது. அதில் கதாநாயகி கலியாணக் காட்சியில் ஒரு பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள்.

2. அதை உரும்பிராயில் எங்கள் பகுதிச் சனம் முழுவதும் பார்த்தது.

3. அச்சுவேலியிலும் பார்த்தார்கள்.

4. உரும்பிராய்ப் பெண்ணுக்கும் அச்சுவேலி மாப்பிள்ளைக்கும் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறைச்சேலை “படத்தில் அவள் உடுத்த அதே கலர்” என்று சொல்லப்பட்டது.

5. பெண் அதற்குப் பொருத்தமாகச் சேலைக்குப் போடும் சட்டை தைத்து வைத்தாள். பாசிப்பச்சை.

6. கலியாணத்தன்று கூறைத் தட்டத்தை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். தோடம்பழ நிறம், அதாவது ஒறேஞ்.

7. மேளம் நின்றது.

ஏழாவதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். மேளம் நிற்கவில்லை. பந்தலுக்குள் எழுந்த முணுமுணுப்பு என்னவென்று நாதஸ்வரக்காரர் எட்டிப் பார்த்தார். அதில் ஒரு சுரம் தப்பியது. அவ்வளவுதான்.

மணப்பெண் வசந்தி என்னோடு படித்தவள். எங்கள் ஒழுங்கைதான், சில வீடு தள்ளி. தையல்காரி. பொழுதுபோக்குக்குத் தைப்பவள் அல்ல — எங்கள் பகுதிப் பெண்களில் அரைவாசிப் பேரின் தோள் அளவு அவளுக்கு மனப்பாடம். என் தொழில் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். ரேடியோ, ரீவி திருத்துகிறேன். (“ஒரு பெண்பிள்ளை ஸ்குரூட்ரைவரோடு...” என்று தொடங்கும் உங்கள் கடிதங்கள் தவறாமல் வந்து சேருகின்றன. நன்றி.)

முதலில், நாங்கள் படம் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கலர் ரீவி சொந்தமாக வைத்திருக்கிறவர்கள் குறைவு. விசேஷம் என்றால் சிவலிங்கண்ணையிடம் சொல்வோம். அவர் ரீவி, டெக், கசெற் மூன்றையும் பழைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, பிறந்தநாள், மகன் கனடா போய்ச் சேர்ந்த சந்தோஷம்... படம் போட எதுவும் சாட்டுத்தான். வாடகைக்கு எடுப்பது ஒரு வீடு. பார்ப்பது ஒழுங்கை முழுவதும்.

அந்தப் படம் அப்படித்தான் ஊர் பார்த்தது. வீடுகள் மாறின. பெட்டி மாறவில்லை. ஒரே பெட்டி.

பிறகு தொடங்கியது பைத்தியம்.

கதை என்ன என்று கேட்டால் ஒருத்திக்கும் சரியாகத் தெரியாது. கதாநாயகி கடைசியில் யாரைக் கட்டினாள் என்பதிலேயே கருத்து வேறுபாடு. ஆனால் அவள் சேலையின் கரை எத்தனை விரல் அகலம், சட்டைக் கையில் பஃப் எவ்வளவு உயரம், முதுகில் முடிச்சு எந்தப் பக்கம் — கேட்டுப் பாருங்கள்! நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சோதனைக்கு இப்படிப் படித்திருந்தால் எங்கள் ஒழுங்கை முழுவதும் கம்பஸுக்குப் போயிருக்கும்.

ஒரு நாள் ஆமிக்காரரின் ஹெலி வந்தது. நானும் ஓடிப்போய் வசந்தி வீட்டுப் பதுங்கு குழிக்குள் இறங்கினேன். மேலே ‘படபட’ என்று சத்தம். ஒரு மாமி தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தா. திடீரென்று நிறுத்தினா.

“பிள்ளை வசந்தி... எனக்கு பஃப் வேண்டாமோ எண்டு யோசிக்கிறன். கை மொத்தமாத் தெரியும், என்ன?”

“கொஞ்சம் பதிச்சுத் தைக்கலாம் மாமி.”

“ஓம், ஓம். பதிச்சு.”

தேவாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஹெலி போய்விட்டது. அது எங்கே சுட்டது என்று விசாரிக்கும் முன்னர், சட்டைக்கு எத்தனை கொழுக்கி என்பது முடிவாகியிருந்தது.

புடைவைக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஷெல்லுக்கும் பயப்படாமல் சைக்கிள் மிதித்து யாழ்ப்பாணம் போய், “அந்தப் படத்தில வந்த பச்சைச் சீலை இருக்கோ?” என்று கேட்டவர்களிடம், ஒரு கடைக்காரர் “ஏன் இல்லை!” என்றாராம். விலைப்படாமல் அடித்தட்டில் மடிப்பு வெளுத்துக் கிடந்த பாசிப்பச்சைகள் எல்லாம் தூசி தட்டப்பட்டு, படத்தின் பெயரைச் சூடிக்கொண்டு கண்ணாடி அலுமாரிக்கு இடம்பெயர்ந்தன. (பெயரை நான் எழுதப்போவதில்லை. விளம்பரம் ஏற்கனவே போதும்.) பிறகு தெரியவந்தது — அச்சுவேலிப் பக்கக் கடை ஒன்றில் அதே பெயரில் விற்றது தோடம்பழ நிறமாம். பெயர் ஒன்று, நிறம் இரண்டு. இரண்டு கடையிலும் வாடிக்கையாளர் முழுத் திருப்தி!

இந்த நேரத்தில்தான் வசந்திக்குக் கலியாணம் பொருந்தியது.

மாப்பிள்ளையின் தமக்கை கமலாக்கா. கூறை எடுக்கும் பொறுப்பு அவவுடையது. வழக்கமாகக் கூறையை முன்னரே காட்டுவார்கள். இல்லாவிட்டால் சட்டைத் துணியாவது பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். இம்முறை சேலை கொழும்பில் எடுக்கப்பட்டு, பாதை மூடித் திறந்து, திறந்து மூடி, கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் அச்சுவேலிக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே கமலாக்கா வசந்தியின் தாய்க்குச் சொல்லி அனுப்பியிருந்தா: “ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் மாமி. படத்தில அவள் கலியாணத்துக்கு உடுத்த அதே கலர். நீங்கள் சட்டையைத் தையுங்கோ.”

வசந்தியின் தாய் — எனக்கும் அவ மாமிதான் — சொல்லி அனுப்பிய பதில்: “நல்லது பிள்ளை. எங்களுக்கும் அதுதான் விருப்பம்.”

கவனித்தீர்களா? நிறத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நல்ல தமிழில் பெயர்கள் இருக்கின்றன. சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் ஏன் சொல்ல வேண்டும்? இரண்டு பகுதியும் படம் பார்த்த பகுதி!

கலியாணம் வசந்தி வீட்டில். தாலியும் கூறையும் வைத்த தட்டத்தைச் சபையில் பெரியவர்களிடம் கொண்டுபோய் ஆசி வாங்கினார்கள். துணியை எடுத்ததும் எங்கள் பக்கப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கூறை வசந்தியின் கையில் கொடுக்கப்பட்டது. அதை உடுத்துவிக்க, சடங்கில் தோழியாக நின்ற கமலாக்காவும் அறைக்குள் வந்தா. ஊசி பிடிக்க நான் ஏற்கனவே அங்கே நின்றேன்.

கட்டிலில் பாசிப்பச்சைச் சட்டை விரித்திருந்தது. உயரப் பஃப் வைத்து, கையில் கரை பிடித்து — வசந்தி தைத்தவற்றிலேயே நல்ல சட்டை அது.

“இதென்ன?” என்றா கமலாக்கா.

“சட்டை மச்சாள்.”

“ஆற்றை சட்டை?”

அதற்குள் மாமி உள்ளே வந்துவிட்டா. “கமலாப் பிள்ளை, இதென்ன நிறம் கொண்டந்திருக்கிறீங்கள்? படத்தில அவள் உடுத்தது பச்சையெல்லோ!”

“பச்சையோ? மாமி, என்ன விசர்க்கதை! தோடம்பழக் கலர். நான் ரெண்டு தரம் பாத்தனான்.”

“அப்ப நாங்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டே பாத்தனாங்கள்? ஊரே பாத்தது! வெளியில போய்ப் பாருங்கோ, பந்தல் முழுக்கப் பச்சை!”

“உங்கடை ஊரிலை செம்மண் புழுதி கூட. கண்ணுக்குள்ள போட்டுதாக்கும்.”

“அச்சுவேலிச் சந்தையில மலிஞ்சதை வாங்கிக்கொண்டு வந்திட்டுக் கதையைப் பார்!”

அது போதாதா? கமலாக்காவின் முகம் மாறிவிட்டது. “நாங்கள் மலிவுச் சீலை கொண்டந்தனாங்களோ? அப்ப எங்கடை கூறை வேண்டாம் எண்டுதானே வேணுமெண்டு பச்சைச் சட்டை தைச்சு வைச்சிருக்கிறியள்? தம்பியைக் கூப்பிடட்டோ? எழும்பி வரச் சொல்லட்டோ?”

வசந்தி கட்டில் விளிம்பில் இருந்தாள். கூறையை மடியில் வைத்து அதன் கரையை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவளுடைய பயம் எனக்குத் தெரியும். சேலைக்காக அவள் பயப்படவில்லை. நாளைக்கு அவள் போய் இருக்கப்போவது இந்தக் கமலாக்காவின் வீட்டு வளவில். முதல் நாளே சண்டைக்காரி வீட்டுப் பெட்டை என்று போகிறாளா, நாகரிகம் தெரியாத பட்டிக்காடு என்று போகிறாளா... இரண்டில் எது ஒட்டினாலும் பேரப்பிள்ளை காணும் வரைக்கும் கழலாது.

இந்த நேரம் பார்த்து வசந்தியின் சித்தப்பா வாசலில் நின்று ஒரு யோசனை சொன்னார். ஆண்பிள்ளைகளின் யோசனைகள் பெரும்பாலும் வாசலில் நின்றுதான் வரும்.

“ஏன் சண்டை? கசெற் இருக்குது, பெட்டி இருக்குது. போட்டுப் பாருங்கோவன்!”

உண்மைதான். தூரத்திலிருந்து வந்து தங்கிய சனத்துக்காகச் சிவலிங்கண்ணையின் பெட்டி முதல் நாளே ஹோலுக்கு வந்திருந்தது. அதிசயமாகக் கரண்டும் இருந்தது.

இரண்டு பகுதியும் ஹோலுக்குள் நெருக்கி நின்றது. சிவலிங்கண்ணையே வந்து கசெற்றைப் போட்டு வேகமாக ஓடவிட்டார். கதாநாயகனும் கதாநாயகியும் குடுகுடுவென்று ஓடினார்கள், அழுதார்கள், அடிபட்டார்கள். மணவறையில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு தனியாக இருந்தார்.

“என்னவாம் உள்ளுக்குள்ள? பொம்பிளை எங்கை?” என்று கேட்டாராம் பாவம்.

“படம் பாக்கினம் தம்பி” என்றாராம் ஐயர். “முகூர்த்தம் முடியமுந்தி அவையின்ரை படம் முடிஞ்சால் காணும்.”

கலியாணக் காட்சி வந்தது. சேலை... பச்சை.

“பாத்தியளோ!” என்றா மாமி.

கமலாக்கா திகைத்துப்போய் நின்றா. “உந்தப் பெட்டி பொய் சொல்லுது!”

“ஆர், என்ரை பெட்டியோ?” சிவலிங்கண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. “ஜப்பான் சாமான் அக்கா! விசயம் தெரியாமக் கதையாதையுங்கோ. இவ்வளவு சனம் பாத்தது, ஒரு குறை சொல்லேல்லை!”

“இவள் நிக்கிறாளெல்லோ, ரீவி படிச்சவள்” என்றா மாமி. “பிள்ளை, நீ சொல்லு!”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அந்தப் படத்தை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். சேலையைப் பார்க்கவில்லை. கதாநாயகனின் வேட்டியைப் பார்த்தேன்.

“மாமி, அவன்ரை வேட்டி என்ன நிறம்?”

“வெள்ளை. இதென்ன கேள்வி?”

“வடிவாப் பாருங்கோ.”

“...கொஞ்சம் நீலம் கூடப் போட்டுத் தோய்ச்சிட்டினம்.”

“சரி. முகம்?”

மாமி பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தா. பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண் சொன்னாள்: “பச்சை.”

நான் பெட்டிக்குப் பின்னால் போய் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, அப்படியே அழுத்திப் பிடித்தேன். முன்னால் ‘ஆ!’ என்று ஒரே சத்தம். வேட்டி வெளுத்துவிட்டது. மனிதர்களுக்கு மனித முகம் வந்துவிட்டது. சேலை தோடம்பழம். கையை எடுத்தேன். ஒரு துடிப்பு... மீண்டும் பாசிப்பச்சை. பிடித்தேன், தோடம்பழம். விட்டேன், பச்சை.

விஷயம் சின்னது. கலர் ரீவிக்குள் இருப்பது மூன்றே நிறங்கள் — சிவப்பு, பச்சை, நீலம். மிச்சமெல்லாம் கலவை. எங்கள் வீதிகளில் வான் விழுந்து எழும்பி ஓடியதில், உள்ளே சிவப்புக்கான இடத்தில் ஈயம் வைத்து ஒட்டிய பற்று விட்டிருந்தது. தோடம்பழத்திலிருந்து சிவப்பை எடுத்தால் என்ன மிஞ்சும்? பச்சை. எங்கள் ஊரின் அந்த வருட நாகரிகம், அந்த வெடிப்புக்குள் இருந்து வந்தது.

ஹோலுக்குள் பச்சைச் சேலைகள் எல்லாம் மெல்லக் குனிந்து தங்கள் மடியைத் தாங்களே பார்த்தன. பதுங்கு குழியில் தேவாரம் சொன்ன மாமிதான் கேட்டா:

“அப்ப நான் உடுத்திருக்கிறது என்ன?”

“கடைக்காரன்ரை பழைய ஸ்ரொக்” என்றார் சித்தப்பா.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது ரீவி அல்ல. ரீவிகள் பழுதாகும், அதனால்தான் நான் சாப்பிடுகிறேன். ஆச்சரியம் எங்கள் கண்கள். கதாநாயகியின் முகம் பச்சையாக இருந்ததை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒருத்தியாவது முகத்துக்குப் பச்சை பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனாளா? இல்லை. ‘உது பெட்டியின்ரை பிழை’ என்று மனதுக்குள் திருத்திக்கொண்டார்கள். ஹீரோவின் வேட்டியையும் மன்னித்தார்கள். சேலையை மட்டும் அப்படியே நம்பினார்கள்! முகம் விற்பனைக்கு இல்லை, சேலை இருந்தது. வாங்கக்கூடிய பொருள் என்று தெரிந்ததும் எங்கள் சந்தேகம் எங்கேயோ போய்விடுகிறது.

கமலாக்காவுக்கு இப்போது சிரிப்புத் தாங்கவில்லை. “ஐயோ... ஊர் முழுக்கப் பழுதான பெட்டியைப் பாத்து உடுப்பு வாங்கியிருக்குது! இதை அச்சுவேலியில சொன்னால் ஒரு வருசத்துக்குக் காணும்!”

வாய்ச்சண்டை முடிந்தது. ஆனால் வசந்தியின் பிரச்சினை முடியவில்லையே? அறைக்குள் வந்து கதவைச் சாத்தினோம். இருந்த வழிகளை எண்ணினேன். முதலாவது, அவள் ஏற்கனவே உடுத்தியிருந்த சேலையின் சட்டை: றோஸ். தோடம்பழத்தோடு றோஸ் — நினைத்தாலே கண் கூசும். இரண்டாவது, கமலாக்கா தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பது. அதற்குள் இரண்டு வசந்தியை வைத்துத் தைக்கலாம். மூன்றாவது, கட்டிலில் கிடந்தது.

கமலாக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தா. “பச்சைச் சட்டையும் தோடம்பழச் சீலையும்... அரைவாசி பழுத்த தோடங்காய் மாதிரி இருக்கப் போறீர்!”

வசந்தி எழுந்தாள். பச்சைச் சட்டையை எடுத்தாள்.

“மச்சாள், சிரிச்சு முடிஞ்சுதெண்டால் தலைப்பைப் பிடியுங்கோ. கொய்யக மடிப்பை நான் எடுக்கிறன். உங்கடை தம்பி கனநேரமாத் தனிய இருக்கிறார்.”

குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வாடிக்கைக்காரியிடம் “கையைத் தூக்குங்கோ” என்று சொல்கிற அதே குரல். கமலாக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலைப்பைப் பிடித்தா.

வசந்தி அப்படியே மணவறைக்குப் போனாள். தாலி ஏறியது. பந்தலில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “கிளி மாதிரி” என்றது ஒரு குரல். வசந்தி நிமிர்ந்தே இருந்தாள். அவளுடைய தமையன் கனடாவிலிருந்து கேட்டபடியால், எல்லாவற்றையும் ஒரு வீடியோக்காரர் லைற் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

பெண் அச்சுவேலிக்குப் போனாள். முதல் இரண்டு கிழமை அவளுக்கு அங்கே “தோடங்காய்” என்று பெயர். கமலாக்கா வைத்தது. அயலட்டைக்கும் சொல்லிக் கொடுத்தா. வசந்தி என்னிடம் அழவில்லை. “பழகிப் போடும்” என்றாள். அது அழுவதை விட மோசம்.

பிறகு கலியாணக் கசெற் தயாராகி வந்தது. அச்சுவேலியில் ஒரு நல்ல ரீவியை வாடகைக்கு எடுத்து அயல் முழுவதும் கூடிப் பார்த்தார்கள். வீடியோக்காரர் சும்மா விடுவாரா? வசந்தியின் முகம் பூவுக்குள் இருந்து விரிகிறது. சட்டைக் கையிலிருந்து கூறைத் தலைப்புக்குக் கமரா மெதுவாக இறங்குகிறது. பின்னால் சினிமாப் பாட்டு.

“சட்டையும் சீலையும் இவ்வளவு வடிவான சோடியோ?” என்று முதலில் கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? கூறைத் தலைப்பைப் பிடித்த அதே கமலாக்கா. பக்கத்தில் நின்று கண்ணால் கண்டபோது தோடங்காய். ரீவிக் கண்ணாடிக்குள்ளால் வந்ததும் நாகரிகம்!

இப்போது நிலவரம்:

சிவலிங்கண்ணையின் பெட்டிக்கு நான் ஈயம் வைத்துக் கொடுத்துவிட்டேன். வாடகைக்கு எடுத்த இரண்டு வீடுகள், படத்தில் சிவப்புக் கூடிப்போய்விட்டது என்று முறைப்பாடு செய்திருக்கின்றன. பச்சையும் தோடம்பழமும் கலந்த சோடி ஒன்று, வேறொரு பெயரோடு, புடைவைக் கடை அலுமாரிக்கு வந்துவிட்டது. “தோடங்காய்” என்ற பெயர் வழக்கொழிந்துவிட்டது. வசந்தி தன் தையல் மெஷினை அச்சுவேலிக்கு எடுப்பித்துவிட்டாள்; வேலை நெருக்கம்.

கமலாக்காவும் பாசிப்பச்சைச் சட்டைக்கு அளவு கொடுத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். கை கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்கிறாள் வசந்தி.